இங்கே இரும்பு அறுக்கப்படமாட்டாது

அக்டோபர் 24, செவ்வாய்

மதுரை, கண்ணாஸ்பத்திரி. ரம்பத்தின் பல் உடைந்து தெறித்து என் வீட்டுக்காரருடைய வலது கண்ணில் பாய்ந்துவிட்டது. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தக் கண்ணை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடு, மாரியாத்தா. வேறொன்றும் கேட்க மாட்டேன்.

அக்டோபர் 25, புதன்

நேற்று எழுதியது ஜாக்கெட் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில். பைக்குள் அதுதான் கிடந்தது. இனி இதிலேயே எழுதலாம் என்றிருக்கிறேன். இந்த வராந்தாவில் யாரிடம் போய்ப் புலம்புவது? எதிரே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் ஒற்றைக் கண்ணில் கட்டு. அவர்கள் பாடே அவர்களுக்குப் பெரும்பாடு.

நடந்ததை வரிசையாக எழுதினால்தான் எனக்கே விளங்கும். அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்பக்கம்தான் இவருடைய பட்டறை. கதவு, ஜன்னல், கட்டில் செய்கிற மரப் பட்டறை. ஆயுத பூஜையன்று மிஷின், உளி, இழைப்புளி எல்லாவற்றையும் துடைத்து வைத்துக் கும்பிட்டுவிட்டால் மறுநாள் விஜயதசமி வரைக்கும் யாரும் தொடக் கூடாது. விஜயதசமியன்று நல்ல நேரத்தில் மிஷினை ஓட்டி ஒரு துண்டாவது அறுத்தாக வேண்டும். முதல் அறுப்பு எப்படியோ அப்படித்தான் வருஷம் முழுக்கத் தொழில் ஓடும் என்று நம்பிக்கை. ஊரில் எல்லா ஆசாரிகளும் ஒரு ரீப்பர் கட்டைத் துண்டை அறுத்துவிட்டுப் போய் நிம்மதியாகச் சுண்டல் தின்பார்கள். எங்கள் வீட்டு மகாராஜா மட்டும் என் தையல் கடையில் ஜாக்கெட் தொங்கவிட வாங்கி வைத்திருந்த எவர்சில்வர் பைப்பை எடுத்துக்கொண்டு போய் மிஷினில் கொடுத்திருக்கிறார்.

மரம் அறுக்கிற மிஷின் அது. மரம் அறுக்கிற பிளேடு. பட்டறைச் சுவரில் சாக்பீஸால் 'இங்கே இரும்பு அறுக்கப்படமாட்டாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பதே இவர்தான். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் ஏன் அப்படி என்று கேட்டேன். மரம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், இரும்பு விட்டுக்கொடுக்காது என்றார். அந்த வேகத்தில் சுற்றுகிற பிளேடு இரும்பில் மோதினால் பல் ஒட்டு விட்டுத் தெறிக்குமாம். இல்லையென்றால் பிடித்திருக்கிற பைப்பைப் பிடுங்கி நம் மேலேயே அடிக்குமாம். பொறி மரத்தூளில் விழுந்தால் புகை தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டிருக்குமாம். அவ்வளவு பொறுமையாக எனக்குச் சொல்லிக் கொடுத்த மனுஷன். கவுன்சிலர் வீட்டிலிருந்து கொடிக்கம்பம் வந்தபோதுகூட முடியாது என்று வெல்டிங் கடைக்கு அனுப்பினவர். நேற்று வெல்டிங் கடை பூட்டியிருந்தது. அதற்காக?

அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தம் வழக்கம்போல இல்லை. கீச்சென்று ஒரு கூச்சல், உடனே டங்கென்று ஒரு சத்தம். ஓடினேன். தரையில் உட்கார்ந்து கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். விரல் இடுக்கில் ரத்தம். "ஒண்ணுமில்ல தமயந்தி, தூசி" என்றார். தூசியாம்.

ஆபரேஷன் முடிந்தது. பல்லின் துணுக்கை எடுத்துவிட்டார்கள். கருவிழியில் மூன்று தையல் போட்டிருப்பதாக டாக்டரம்மா சொன்னார். என்ன நூல் என்று கேட்டுவிட்டேன். தையல்காரி புத்தி எங்கே போகும். தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூல் என்று சிரித்தபடி சொன்னார். சுருக்கம் விழாமல் தைத்திருக்கிறீர்களா என்று அடுத்த கேள்வி வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். பார்வை வருமா என்றதற்கு, வீக்கம் வடிய வேண்டும், இரண்டு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார். வந்தாலும் வரலாம், வெறும் நிழலாட்டமாகவே நின்றாலும் நிற்கலாம்.

ஒரு பலகை கோணலா நேரா என்று பார்க்க இவர் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால்தான் பார்ப்பார். முப்பது வருஷப் பழக்கம். அதை டாக்டரம்மாவிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லி என்ன ஆகப் போகிறது.

அக்டோபர் 26, வியாழன்

இன்றைக்கு எனக்குக் கோபம். கண் தெரியாமல் படுத்திருக்கிறவர் மேல் கோபப்படலாமா என்றால், படலாம்.

காலையில் ராஜாமணி மதினி வந்தார். இவருடைய அக்கா. முதல் மனைவி தவறிப்போன பிறகு ஆறு வருஷம் இவருக்குச் சோறு பொங்கிப் போட்டு, பட்டறையையும் பூஜையையும் பார்த்துக்கொண்டவர். நாற்பத்தொரு வயதுக்காரியைத் தம்பி கட்டிக்கொண்டதில் மதினிக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. ஆவணியில் கல்யாணத்தன்று நான் வீட்டுக்குள் நுழையும்போதே, "வார காலு நல்ல காலா இருக்கணும்" என்று என் காதில் விழும்படி சொன்னார். நான் வந்து இரண்டு மாதம். வந்த காலுக்குப் பலன் என்ன என்று இன்றைக்குக் கேட்கப்போகிறார் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதினி கேட்டது ஒன்றே ஒன்றுதான். கூறுகெட்டவனே, அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்ய உனக்கு என்னடா கேடு என்று. பட்டறையில் மிஷின் ஓட்டும்போது போடுகிற பெரிய பிளாஸ்டிக் கண்ணாடி அது. அது இல்லாமல் ஒரு நாளும் மிஷினைத் தொட மாட்டார். எனக்கும் அதே கேள்வி இருந்தது.  இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "முந்தின நாள் கொஞ்சம் ஊத்திக்கிட்டேன்க்கா. கை நிதானத்துல இல்ல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடிக்கிறவர் என்றால் நான் கழுத்தை நீட்டியிருக்கவே மாட்டேன். பெண் பார்க்க வந்தபோது நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான். தொட்டதே இல்லை என்றார். ஆயுத பூஜையன்று சாயங்காலம் சிநேகிதர்களுக்குச் சுண்டல் கொடுக்கிறேன் என்று தூக்குவாளியோடு போனாரே, அப்போதா? திரும்பி வந்தபோது வாசமே இல்லையே. ஏலக்காய் மென்றிருந்தாரா?

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒந்தலையெழுத்து தாயி, இவனக் கட்டிக்கிட்டு நீயும் சீரழியிற" என்றார். இரண்டு மாதத்தில் அவர் என்னைத் தாயி என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 28, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். குனியக் கூடாது, தும்மக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, வலப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. கண்ணில் ஒரு பிளாஸ்டிக் மூடி. தும்மல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். எனக்குச் சொல்லிவிட்டுத் தும்முங்கள் என்றேன். சிரித்துத் தொலைத்தார். சிரிக்கவும் கூடாது என்று ஒரு அதட்டுப் போட்டேன்.

அவருடைய சட்டை, வேட்டி எல்லாவற்றையும் துவைக்கப் போடும்போது முகர்ந்து பார்த்தேன். மரத்தூள் வாசம், வியர்வை, பெவிகால். வேறொன்றும் இல்லை. பட்டறையில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால்கூடத் தேடினேன். சிக்கவில்லை. சிக்கியிருந்தால் நிம்மதியாகச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பட்டறையில் வேலை பார்க்கிற செல்லப்பாண்டி வந்திருந்தார். விஜயதசமியன்று நாங்கள் மதுரைக்கு ஓடிய பிறகு, சாயங்காலம் மரத்தூள் மூட்டை ஒன்றிலிருந்து புகை வந்திருக்கிறது. அவர்தான் பார்த்துத் தண்ணீர் ஊற்றி அணைத்தாராம். காலையில் விழுந்த பொறி சாயங்காலம் வரை உள்ளே கிடந்திருக்கிறது. கண்ணோடு சேர்த்து வீடும் போயிருக்கும்.

அக்டோபர் 29, ஞாயிறு

தீபாவளிக்குக் குவிந்து கிடக்கிற ஜாக்கெட்டில் இரண்டுதான் முடித்தேன். ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோத்துப் பார்க்கிறேன். சரியாக வரவே மாட்டேன் என்கிறது.

அக்டோபர் 31, செவ்வாய்

கல்யாண மண்டபத்துக்கு இருபது கதவு செய்கிற வேலை கைவிட்டுப் போய்விட்டது. மேஸ்திரி நேரில் வந்து, கண் சரியாகிற வரைக்கும் காத்திருக்கலாம்தான், ஆனால் அது காரணமில்லை என்று இழுத்தார். குடித்துவிட்டு மிஷினில் நிற்கிற ஆளிடம் வேலை கொடுத்தால் நாளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல முடியாதாம். மதினி அழுது புலம்பியது ஊர் முழுக்கப் போயிருக்கிறது. பால்காரர்கூட என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

இவர் எல்லாவற்றையும் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.  சரிங்க, உங்கள் இஷ்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிஜமாகவே குடித்தீர்களா, என் தலையில் அடித்துச் சொல்லுங்கள் என்றேன். தலையில் அடிக்கவில்லை. தலையைத் தடவினார். "மருந்து நேரமாச்சு தமயந்தி" என்றார்.

குடிக்கிறவர் என்றே வைத்துக்கொள்கிறேன். சொட்டு மருந்து விடும்போது குழந்தை மாதிரி வாயைப் பிளந்துகொள்கிறார். கண்ணுக்கு மருந்து விட்டால் வாய் எதற்குத் திறக்கிறது? இப்படிப்பட்ட ஆளோடு எத்தனை நேரம்தான் கோபமாக இருப்பது.

மதினி ரசமும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தினமும் வருகிறார். என்னிடம் நன்றாகப் பேசுகிறார். அவருடைய கல்யாணத்தில் நடந்த கூத்தை எல்லாம் சொல்லிச் சிரித்தார். இதற்காக இவருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ என்னவோ.

நவம்பர் 2, வியாழன்

தெரிந்துவிட்டது.

மத்தியானம் செல்லப்பாண்டி ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடை ஷட்டருக்குப் பக்கத்தில் மாட்ட அலுமினியச் சட்டம் நாலு துண்டு அறுக்க வேண்டுமாம். அலுமினியம் மெதுவானதுதானே அக்கா, நம்ம மிஷினிலேயே போட்டுவிடலாம், பட்டறையும் சும்மா கிடக்கிறது என்றார். நான் போய் சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டேன். சுவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள் என்றேன். இது இரும்பு இல்லையே, அதற்குத் தோதான பிளேடு போட்டு, சட்டத்தை அசையாமல் இறுக்கிக் கட்டினால் அறுக்கலாம், ஊரில் செய்கிறார்கள் என்றார். அந்த பிளேடு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. இறுக்க எதாவது இருக்கிறதா? இல்லை. அப்புறம் என்ன, ஒரு கண் போனது பத்தாதா என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. வந்த ஆள் சட்டத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

செல்லப்பாண்டிக்கு முகம் சுண்டிப்போனது. கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் செய்திருப்பேன் அக்கா என்றார். சரி, எங்கே அந்தக் கண்ணாடி என்று கேட்டேன். ஆயுத பூஜையிலிருந்தே கண்ணில் படவில்லை என்றார். இரண்டு பேருமாகத் தேடினோம். பூஜைக்குப் பொருள்களை அடுக்கிய பலகை மூலையில் அப்படியே கிடந்தது. வாடிய சாமந்தி, காய்ந்த வாழைத்துண்டு. நடந்த களேபரத்தில் யாரும் எடுத்து ஒதுக்கவில்லை. அதற்கடியில் இருந்தது கண்ணாடி.

கண்ணாடியின் இரண்டு பக்கத்திலும் நடுவில் ஒவ்வொரு பொட்டு. கட்டியாகச் சந்தனம், அதற்கு மேல் குங்குமம். காய்ந்து இறுகி, ஒரு ஓரம்கூட உதிராமல் இருந்தது. அதை மாட்டிக்கொண்டால் எதிரே இருக்கிற சுவர்கூடத் தெரியாது.

நான் வைத்த பொட்டு. இந்த வீட்டில் எனக்கு முதல் பூஜை. உளிக்கு வைத்தேன், சுத்தியலுக்கு வைத்தேன், மிஷினுக்கு வைத்தேன். கண்ணாடியும் தொழிலுக்கு உதவுகிற பொருள்தானே என்று அதற்கும் வைத்தேன். இவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அழகா இருக்கு என்றார்.

செல்லப்பாண்டி பார்த்தாரா, புரிந்துகொண்டாரா தெரியவில்லை. கண்ணாடியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அரிசி களைந்தேன். திரும்பவும் களைந்தேன். எத்தனை தடவை களைந்தேன் என்று தெரியாது.

நவம்பர் 3, வெள்ளி

காலையில் மருந்து விட்டுவிட்டு கண்ணாடியை அவர் மடியில் வைத்தேன். தடவிப் பார்த்தார். இடது கண்ணால் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். குனியக் கூடாது என்று நிமிர்த்திவிட்டேன்.

நீங்கள் குடிக்கவில்லை, அப்படித்தானே என்று கேட்டேன். ஆமாம் என்றார். எதற்காக அந்தப் பொய் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்காவ எனக்குத் தெரியும். நீ பொட்டு வச்சதுல கண்ணு போச்சுன்னு ஒரு தடவ வாயில வந்துருச்சுன்னா, நீ சாகுற வரைக்கும் அதையே சொல்லும். நல்லது கெட்டதுக்கு ஒன்னக் கூப்பிடாது. என்னையக் குடிகாரன்னு சொல்லட்டும். ஊரு பத்து நாள்ல மறந்துரும்."

கதவு வேலை போனதே என்றேன். போனால் போகிறது, வேறு கதவு வரும் என்றார். அடேயப்பா, என்ன தாராளம்.

துடைத்துவிட்டு மாட்டியிருக்கலாமே, ஒரு நிமிஷ வேலைதானே என்று கேட்டேன். அதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று அவசரம் என்றார். அப்புறம், மறந்துட்டேன் என்றார். இரண்டில் எது என்று கேட்டால் கண் உறுத்துகிறது என்றார். சரியான அழுத்தக்காரர்.

அக்காவிடம் சொல்லக் கூடாது என்று கையை நீட்டி சத்தியம் கேட்டார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தியம் செய்யவில்லை. அவருக்கு வித்தியாசம் தெரிந்ததா என்று தெரியவில்லை.

எனக்கு இந்த மனுஷனை ரொம்பப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன். யாரும் படிக்கப் போவதில்லை.

நவம்பர் 6, திங்கள்

பொய் எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. அதுதான் குத்துகிறது. மதினி இன்றைக்கு அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்க என்னையே கூப்பிட்டு, தலைதீபாவளிக்கு உனக்கு என்ன கலரில் சேலை எடுக்கட்டும் என்று கேட்டார். நாற்பத்தொரு வயதில் தலைதீபாவளி! அம்மா இருந்தால் சிரித்திருப்பாள். அம்மா போன பிறகு இப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் இதெல்லாம் போய்விடும். சொல்லாவிட்டால் இவர் குடிகாரர்.

மருந்து, ரசம், ஜாக்கெட், மருந்து. நாள் ஓடுகிறது. மூடியைக் கழற்றும்போது வெளிச்சம் தெரிகிறது என்கிறார். என்ன தெரிகிறது என்று கேட்டால், ஏதோ தெரிகிறது என்கிறார். மறைக்கிறாரா என்று இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் சந்தேகம் வருகிறது.

நவம்பர் 8, புதன்

நாளை மதுரையில் பரிசோதனை. நானும் வருவேன் என்று மதினி ஒரே பிடிவாதம். இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தோசை ஒன்றைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டார். சாயங்காலம் பட்டறைக்குப் போய் ஒரு பலகையை எடுத்து, இடது கண்ணால் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. நாலைந்து தடவை தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அப்புறம் பலகையைத் தடவிக்கொண்டே நின்றார்.

நான் உள்ளே வந்து தையல் மிஷினில் உட்கார்ந்து யாருடைய ஜாக்கெட்டையோ கோணலாகத் தைத்தேன். பிரிக்க வேண்டும்.

நவம்பர் 9, வியாழன்

கண்ணில் மருந்து விட்டு அவரை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். நானும் மதினியும் வராந்தா பெஞ்சில். மதினி பையிலிருந்து கொய்யாப்பழம் எடுத்து நறுக்கிக் கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்கினேன் என்று ஞாபகமில்லை. அவர் குடிக்கவில்லை மதினி, ஒரு சொட்டுக்கூட இல்லை, கண்ணாடியில் நான் பொட்டு வைத்துவிட்டேன், அதனால்தான் மாட்டவில்லை, நீங்கள் என்னை ஏதாவது சொல்லிவிடுவீர்கள் என்று தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டார் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அவரைக் குடிகாரர் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றேன்.

மதினி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ம்" என்றார். கத்தியைத் துணியில் துடைத்து மடக்கிப் பைக்குள் வைத்தார். எதிரே ஓடுகிற காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சேலை கலர், அதிரசம், தாயி எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை.

கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். இடது கண்ணை அட்டையால் மறைத்துக்கொண்டு சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார் டாக்டரம்மா. இவர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். நான் மதினியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன், அவர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்று. பிறகு மேலே இருந்த பெரிய எழுத்தைச் சொன்னார். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. திக்கித் திக்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, ஐந்தாவது வரி வரைக்கும் வந்தார். அதற்குக் கீழே புகை மூட்டமாக இருக்கிறது என்றார்.

போதும், நன்றாக வந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. பொங்கலுக்கப்புறம் தையல் பிரித்துவிட்டுக் கண்ணாடி போட்டால் இன்னும் தெளியுமாம். ஓரத்தில் ஒரு மங்கல் இருந்துகொண்டே இருக்கும், ஆனால் தொழில் பார்க்கலாம். தொழில் பார்க்கலாம் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு சொன்ன மருந்துக் கணக்கெல்லாம் விழவில்லை. அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மா விடவில்லை. மரம் அறுக்கிற பிளேடில் இரும்பை அறுத்ததே முதல் தப்பு, அதிலும் கண்ணுக்கு ஒன்றும் போடாமல் எப்படி நின்றீர்கள் என்று கேட்டார். இவர் பழைய பாட்டையே எடுத்தார். அன்றைக்குக் கொஞ்சம் குடித்திருந்தேன் என்று தொடங்கினார்.

"பொய் சொல்லாதடா" என்றார் மதினி.

அறையில் எல்லோரும் மதினியைப் பார்த்தோம். அவர் டாக்டரம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். "இவன் குடிக்கலம்மா. ஆறு வருசம் இவன் பட்டறை பூசைக்கு நாந்தான் பொட்டு வச்சேன். கண்ணாடிக்கும்தான் வச்சேன். மறுநாள் காலையில, ஒம்பொட்டு கண்ண மறைக்குதுன்னு என்னைய வஞ்சுக்கிட்டே வேட்டியில தொடச்சிட்டு மாட்டிக்கிடுவான். ஒரு வருசம் தவறுனதில்ல. இந்த வருசம் இவ வச்சா. இவ வச்சதத் தொடைக்க இவனுக்கு மனசு வரல. அம்புட்டுத்தான் சங்கதி."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டார். இவருடைய காது இரண்டும் சிவந்துபோய்விட்டது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த எழுத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கேயே அழுதுவிடுவேன்.

பஸ்ஸில் மதினி என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். இவரை முன் சீட்டில் தனியாகப் போட்டுவிட்டோம். திருமங்கலம் தாண்டியதும் என் முந்தானையை இழுத்துச் சரிசெய்துவிட்டார். அப்புறம், "அடுத்த வருசமும் நீயே வையி தாயி. கண்ணாடிய மட்டும் விட்டுரு" என்றார். தீபாவளி முடிந்ததும் மேஸ்திரி வீட்டுக்குத் தானே போய்ப் பேசப்போவதாகவும் சொன்னார். அவர் போனால் அந்த மேஸ்திரி பாவம்.

சாயங்காலம் மருந்துக்கு உட்கார வைத்தேன். தலையைப் பின்னால் சாய்த்து வழக்கம்போல வாயைத் திறந்துகொண்டார். பஸ்ஸில் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை, மேலே பாருங்கள் என்றேன். ஒரு சொட்டு விட்டேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு சொட்டுதான சொன்னாக. கன்னத்துல ஒண்ணு விழுந்துச்சே" என்றார்.

கை தவறிவிட்டது, மருந்துதான், பேசாமல் இருங்கள் என்றேன்.

இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணை மெல்லத் திறந்து என்னைப் பார்த்தார். ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன்.

"தெரியுது. நீ அழுகுற" என்றார்.